மின்தடைக்குப் பிறகு ‘இணையம் இல்லை’ என்று சொல்லும் டிவி: ரீசெட் செய்வதற்கு முன் எதைப் பார்ப்பது?

காங்கேயத்து மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். நான் பெருந்துறையில் வசிக்கிறேன். வாரம் ஒருமுறைதான் போய்வர முடிகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிக் கொடுத்த 43 அங்குல ஆண்ட்ராய்டு டிவிதான் மாடு கன்றுகளைக் கட்டிவிட்டு உட்காரும் நேரத்தில் அவர்களுக்குத் துணை.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் மின்சாரம் மாலையில் திரும்பும்போதெல்லாம் இந்த டிவி ‘வைஃபை இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று காட்டுகிறது. அதே வைஃபையில் அம்மாவின் கைப்பேசியில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. இணைய இணைப்புக் கொடுத்தவர் வந்து பார்த்து, லைனில் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். டிவி வாங்கிய கடையில் கேட்டால், ரீசெட் செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்து வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் மெயின் போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். போன மாதம் ரீசெட் செய்தோம். ஒவ்வொரு செயலிக்கும் கடவுச்சொல்லை நான் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அப்பா ரிமோட்டில் ஒவ்வொன்றாக அழுத்த, அன்றைய இரவு முழுவதும் அதிலேயே போயிற்று. அடுத்த மின்தடைக்குப் பிறகு மறுபடியும் அதே நிலைமை. “கரண்டு வந்தாலே இந்தப் பொட்டிக்கு வாயடைச்சுப் போகுது அம்மிணி” என்கிறார் அப்பா.

போர்டுக்குக் கேட்கும் தொகை புதிய டிவி விலையில் பாதிக்கு மேல் வருகிறது. அதைக் கொடுப்பதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பல்லடம் டிவி பழுதுநீக்குநர் எழுதியது:

அம்மா, போர்டுக்கு இப்போது பணம் கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, மின்சாரம் முழுமையாகப் போய்த் திரும்பும்போது மட்டுமே குறை வருகிறது. இரண்டு, அதே வைஃபையில் கைப்பேசி நன்றாக வேலை செய்கிறது. போர்டு கெட்டுப்போயிருந்தால் அது மின்தடை நாளாகப் பார்த்துக் கெடாது.

டிவியில் அமைப்புகளுக்குள் சென்று, தேதி, நேரம் என்ற இடத்தைத் திறந்து, அங்கே எந்த ஆண்டு காட்டுகிறது என்று அப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள். பல ஆண்ட்ராய்டு டிவிகளின் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. ரிமோட்டில் அணைத்தால் டிவி உறக்க நிலையில்தான் இருக்கும். அப்போது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்ச் போர்டிலேயே கரண்ட் போய்விட்டால் நேரம் அழிந்து, ஆலையில் மென்பொருள் ஏற்றியபோது வைத்த பழைய தேதிக்குப் போய்விடும். கரண்ட் வந்ததும் இணையத்தில் கேட்டு அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஃபைபர் பெட்டி (இணைய ஒயர் வந்து சேர்ந்து வைஃபை தரும் ரூட்டர்) உயிர்பெற்று லைனைப் பிடிப்பதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். டிவியோ அதற்குள் எழுந்து, நேரத்தைக் கேட்டு, பதில் கிடைக்காமல் விட்டுவிடுகிறது. பின்னர் இணையம் வந்தாலும் மறுபடி கேட்காமலேயே இருந்துவிடும் டிவிகள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

நேரம் தவறினால் இணையம் ஏன் கிடைக்காது என்று கேட்பீர்கள். யூடியூப் ஆகட்டும், வேறு எந்தச் செயலியாகட்டும், தான் பேசப்போகும் சர்வர் உண்மையானதுதானா என்பதை ஒரு மின்னணுச் சான்றிதழை வைத்துத்தான் சோதிக்கிறது. அந்தச் சான்றிதழில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று குறித்திருக்கும். டிவியின் கணக்கில் ஆண்டு 2019 என்று இருந்தால், இந்த ஆண்டு வழங்கிய சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்றாகத் தெரியும். உடனே அது இணைப்பைத் துண்டித்துவிடும். திரையில் வரும் செய்தி மட்டும் ‘இணையம் இல்லை’ என்பதாக இருக்கும். அம்மாவின் கைப்பேசிக்குப் பேட்டரியும் உண்டு, டவரிலிருந்து நேரமும் கிடைக்கும். ஆகவே அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை ரீசெட் வேண்டாம்.

ஈரோடு விற்பனையாளர் எழுதியது:

பழுதுநீக்கும் அண்ணன் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ரீசெட்டை இவ்வளவு ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. எங்கள் கடைக்கு வரும் மென்பொருள் புகார்களில் பல ரீசெட்டிலேயே தீர்ந்துவிடுகின்றன. வயதானவர்களிடம் தேதி, சான்றிதழ் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, ஒரே ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வது எளிது. இந்த அம்மாவின் டிவியும் ரீசெட்டுக்குப் பிறகு ஓடியதே?

பல்லடம் டிவி பழுதுநீக்குநர் எழுதியது:

ஓடியது உண்மை. ஏன் ஓடியது என்று பாருங்கள். ரீசெட்டுக்குப் பிறகு டிவி முதலிலிருந்து அமைக்கப்படும்போது ஃபைபர் பெட்டி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. டிவி நேரத்தைக் கேட்டது, பதில் கிடைத்தது. அழிந்த மற்றவற்றுக்கும் குணமானதற்கும் தொடர்பே இல்லை. அடுத்த மின்தடையில் குறை திரும்பியதே அதற்குச் சாட்சி. எங்கே குறை என்று தெரிந்த பிறகு செய்யும் ரீசெட்டுக்கு நான் எதிரி அல்ல. தெரியாமல் செய்தால், இருந்த தடயமும் அழிந்துபோகும், பெற்றவர்களுக்கு ஓர் இரவும் போகும். தவிர, கடவுச்சொல் மறந்த வீடுகளில் ரீசெட்டுக்குப் பின் கூகுள் கணக்குக்குள் நுழையவே முடியாமல் டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு பொத்தான்தான் வேண்டும் என்றால், ரிமோட்டின் பவர் பொத்தானைச் சில நொடிகள் விடாமல் அழுத்தி, வரும் பட்டியலில் மறுதொடக்கம் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அது எதையும் அழிக்காது. பவர் பொத்தானில் அந்தப் பட்டியல் வராத டிவி என்றால், பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டினால் போதும். உங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காங்கேயத்து மகள் எழுதியது:

ஐயா, நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தேதி 2019 ஜனவரி 1 என்று இருந்தது. ‘தானியங்கு நேரம்’ என்பதை அணைத்து, இன்றைய தேதியையும் நேரத்தையும் கையால் வைத்து, மறுபடி தானியங்கு நேரத்தை இயக்கினேன். யூடியூப் திறந்தது. போர்டுக்குக் கொடுக்க எடுத்துவைத்திருந்த பணம் மிஞ்சியதைவிட, அப்பாவின் முகத்தைப் பார்த்ததுதான் எனக்குப் பெரிது. மிக்க நன்றி.

ஆனால் அடுத்த மின்தடையில் இது மறுபடியும் வரும் அல்லவா? இன்னொன்றையும் கேட்க வேண்டும். இணையம் வந்த பிறகும் படம் அவ்வப்போது நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. திட்டத்தின் வேகம் 40 எம்பிபிஎஸ் என்கிறார்கள். போதாதா?

பல்லடம் டிவி பழுதுநீக்குநர் எழுதியது:

மறுபடி வரும். தடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஃபைபர் பெட்டிக்கு மட்டும் சிறிய டிசி யூபிஎஸ் (கரண்ட் போனாலும் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) ஒன்று வாங்கி மாட்டலாம். பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். வோல்ட் அதே அளவாகவும் ஆம்பியர் அதற்குக் குறையாமலும் இருக்க வேண்டும். தோட்டத்து வீடுகளுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கிணற்று மோட்டாரைப் போடும் நொடியில் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கும் அல்லவா, அந்த ஒரு கணத்தில் ஃபைபர் பெட்டி தானாக அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும். விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்து ஒவ்வொன்றாக வருவதைப் பெட்டியின் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். டிவி அதைத் தாங்கிக்கொள்ளும். பெரும்பாலான புதிய டிவிகளின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருப்பதை நீங்களே படிக்கலாம். மாலையில் தண்ணீர் பாய்ச்சும் வீடுகளில் ‘ஆறு மணிக்கு மட்டும் இணையம் போகிறது’ என்று வரும் புகாருக்குக் காரணம் பல முறை இதுவாகவே இருந்திருக்கிறது.

நாள் முழுக்க மின்தடை என்றால் அந்தச் சிறிய யூபிஎஸ் தாங்காது. அதற்கு இரண்டாவது வழி: கரண்ட் போனதும் டிவியின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கரண்ட் வந்த பின், ஃபைபர் பெட்டியில் பான் (PON) என்ற விளக்கு சிமிட்டாமல் பச்சையாக நின்ற பிறகே டிவியைப் போட வேண்டும். லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழையில் சிக்னலே வரவில்லை என்று பொருள். அப்போது டிவியை என்ன செய்தாலும் பயனில்லை, லைன்காரரைத்தான் கூப்பிட வேண்டும். ஆடிக் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்த ஒயர் ஊசலாடி உராயும் எங்கள் பல்லடம், உடுமலை வட்டாரத்தில் இது அடிக்கடி நடப்பதுதான்.

சுற்றிக்கொண்டே இருப்பது வைஃபை சங்கதி. அதை வலையமைப்பில் வேலை செய்கிறவர்கள் சொல்லட்டும்.

கோவை வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

சகோதரி, 40 எம்பிபிஎஸ் தாராளமாகப் போதும். நெட்ஃபிளிக்ஸ் தன் பார்வையாளர்களுக்குச் சொல்லும் அளவே முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ்தான். வீட்டு வாசல் வரை வந்த வேகம் டிவி வரை போய்ச் சேரவில்லை என்பதுதான் உங்கள் பிரச்சினையாக இருக்க வேண்டும். ரூட்டர் எங்கே இருக்கிறது, டிவி எங்கே இருக்கிறது, நடுவில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

பொதுவாகச் சொல்வதானால், ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும்; ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். புளூடூத் கருவிகளும் அதே அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். டிவியும் ரூட்டரும் ஒரே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸைக் கொடுங்கள். விலை குறைந்த டிவிகள் பலவற்றில் 2.4 மட்டுமே உண்டு. அப்படியானால் ரூட்டரில் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தை) தானாக மாற விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் பக்கத்து வீடுகள் குறைவாகப் பயன்படுத்தும் ஒன்றில் நிறுத்தி வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படியாத சேனல்கள் இந்த மூன்றுதான். தோட்டத்து வீட்டுக்கு இந்த நெரிசல் அவ்வளவாக இராது. கோவையில் அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

டிவியின் பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சேர முடியவில்லை என்றால் அதற்கு வேறு காரணங்கள் உண்டு. புதிய ரூட்டர்களில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய டிவியால் சேர முடியாது. டபிள்யூபிஏ2வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்ற வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களைச் சில டிவிகள் பார்ப்பதே இல்லை. 36 முதல் 48 வரையோ, 149 முதல் 161 வரையோ ஒன்றில் வைத்தால் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் பலரும் டிவியில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) எண்ணை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றச் சொல்கிறார்கள். சேவை தருபவரின் டிஎன்எஸ் தடுமாறும்போது இது உண்மையிலேயே உதவும். ஆனால் பல டிவிகளில் இதை மாற்ற வேண்டுமானால் ஐபி முகவரியையும் (வீட்டு வலையமைப்பில் டிவிக்கு ரூட்டர் கொடுக்கும் எண்) கையால் நிலையாக வைக்க வேண்டியிருக்கிறது. பின்னர் ரூட்டர் அதே முகவரியை வேறொரு கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொண்டு, சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. காரணமும் யாருக்கும் பிடிபடாது. டிஎன்எஸ்ஸை மாற்றுவதானால் ரூட்டரில் ஒரே இடத்தில் மாற்றுங்கள். டிவியை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

காங்கேயத்து மகள் எழுதியது:

நீங்கள் கேட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். இணைப்புக் கொடுத்தவர், ஒயர் நுழைந்த இடத்துக்குப் பக்கம் என்று, சமையலறைப் பரணில் பெட்டியை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவும், எவர்சில்வர் குடங்கள் ஏழும் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அவற்றைத் தாண்டி ஒரு சுவர், ஒரு இரும்பு பீரோ, பிறகுதான் டிவி.

கோவை வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

வெளிச்சத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி எப்படியோ, வைஃபைக்கு உலோகம் அப்படி. அலை அதன்மேல் பட்டுத் திரும்பிவிடும். உங்கள் டிவிக்குச் சுவர்களில் பட்டுச் சிதறி வரும் மிச்சம்தான் கிடைக்கிறது. அண்டாவை நகர்த்தச் சொல்லி அம்மாவை வருத்த வேண்டாம். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதிலிருந்து டிவிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். கேட் 5இ அல்லது கேட் 6 ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். டிவியின் லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் அளவுக்குத்தான் இருக்கும். அது குறையே அல்ல, படம் பார்க்க அதில் ஆறில் ஒரு பங்கு போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒயரை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோங்கள். சித்திரை, வைகாசி இடிமழையில் வெளியே தொங்கும் செம்பு ஒயர் வழியாக மின்னழுத்தம் பாய்ந்து லேன் துளையும் எச்டிஎம்ஐ துளையும் கருகிப்போன டிவிகளைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் இரண்டு வீடுகளை இணைப்பதானால் நடுவில் ஒளியிழைதான் சரி.

உடுமலைத் தென்னந்தோப்புக்காரர் எழுதியது:

எங்கள் தோப்புக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் டிவி ஓடுகிறது. முக்கால் மணி நேரம் அருமையாகத் தெரிகிறது. அதன் பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. டிவியில் குறையா, கைப்பேசியில் குறையா?

கோவை வலையமைப்புப் பொறியாளர் எழுதியது:

இரண்டிலும் இல்லை ஐயா. உங்கள் திட்டத்தில் நாளொன்றுக்கு 2 ஜிபி இருக்கும் என்று நினைக்கிறேன். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும். நீங்கள் சொன்ன முக்கால் மணி நேரம் கணக்குக்குச் சரியாக வருகிறது. அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாகக் குறைந்துவிடும். இணைப்பு இருப்பதாகவே டிவி காட்டும், படம் மட்டும் நகராது. செயலியின் அமைப்பில் படத்தரத்தைத் ‘தானியங்கு’ என்பதிலிருந்து 480க்கு இறக்கி வையுங்கள். டிவி தானாகச் செய்யும் செயலிப் புதுப்பிப்பையும் அணைத்துவிடுங்கள். நீங்கள் பார்க்காத நேரத்தில் உங்கள் டேட்டாவைத் தின்பது அதுதான். ஹாட்ஸ்பாட் பெயரே டிவியில் தெரியாமல் போனால், கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டின் அலைவரிசையை 2.4க்கு மாற்றிப் பாருங்கள்.

நாமக்கல் ஆசிரியர் எழுதியது:

என் டிவி எட்டு ஆண்டு பழையது. தேதி சரியாக இருக்கிறது, லேன் ஒயரும் போட்டிருக்கிறேன். இருந்தும் ஒரு செயலி ‘இந்தச் சாதனத்தில் ஆதரவு இல்லை’ என்கிறது. மற்றவை திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது.

பல்லடம் டிவி பழுதுநீக்குநர் எழுதியது:

ஆசிரியர் ஐயா, மந்தமாக இருப்பதற்கும் ஆதரவு இல்லை என்பதற்கும் காரணங்கள் வெவ்வேறு. மந்தத்துக்கு இடப் பற்றாக்குறைதான் பெரும்பாலும் காரணம். அந்தக் காலத்து டிவிகளில் மொத்தச் சேமிப்பே 8 ஜிபி அளவுக்குத்தான் இருக்கும். அதில் பாதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். பயன்படுத்தாத செயலிகளை நீக்கிவிட்டு, மீதமுள்ளவற்றின் கேச்சை (செயலி தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்புகளை) அழியுங்கள். கேச்சை அழித்தால் கடவுச்சொல் போகாது. பக்கத்தில் இருக்கும் ‘தரவை அழி’ என்பதைத் தொட்டால் போய்விடும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் நிதானமாகப் பார்த்து அழுத்துங்கள்.

ஆதரவு இல்லை என்பது நம் கையை மீறியது. யூடியூப் 2015 ஏப்ரலில், 2012க்கும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளில் நின்றுபோயிற்று. நெட்ஃபிளிக்ஸ் 2019 டிசம்பர் 1 முதல் சில பழைய சாம்சங் டிவிகளில் நின்றது. சர்வரின் சான்றிதழை நம்பலாமா என்று சரிபார்க்க டிவிக்குள் பதிந்திருக்கும் மூலச் சான்றிதழ்களுக்கும் ஆயுள் உண்டு. இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்தபோது, புதுப்பிப்பு நின்றுபோன கருவிகள் பலவும் சரியான தேதி இருந்தும் இணைய முடியாமல் தவித்தன. டிவி நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கே உரிய மென்பொருள் இருந்தால், ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போட்டு ஏற்றிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறிய மாடலின் கோப்பை ஏற்றினால் டிவி எழாமலே போகலாம். ஏற்றும்போது கரண்ட் போனாலும் அதே கதிதான், ஆகவே இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துச் செய்யுங்கள். கோப்பு இல்லை என்றால் டிவியை மாற்ற வேண்டாம். திரை நன்றாக இருக்கிறது, படம் தெளிவாக இருக்கிறது. எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் மூளை புதிதாகிவிடும். ஸ்டிக்குக்கு டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்காமல் அதனுடன் வரும் அடாப்டரையே பயன்படுத்துங்கள். டிவியின் யூஎஸ்பி போதிய மின்சாரம் தராமல் ஸ்டிக் தானாக அணைந்து எழுவதைப் பலர் ‘ஸ்டிக் மோசம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கோபி வாசகர் எழுதியது:

சிறிய கேள்வி. ரிமோட் வேலை செய்யவில்லை. புதிய பேட்டரி போட்டாயிற்று.

பல்லடம் டிவி பழுதுநீக்குநர் எழுதியது:

கைப்பேசியின் முன்பக்கக் கேமராவை ரிமோட்டின் நுனிக்கு நேராகப் பிடித்துப் பவர் பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதாவாக ஒளி மினுக்கினால் ரிமோட் நலம். டிவியின் கீழ் விளிம்பில் இருக்கும் சென்சாரை எதுவும் மறைக்கிறதா என்று பாருங்கள். பவர் மட்டும் வேலை செய்து, குரல் தேடலும் மற்றப் பொத்தான்களும் வேலை செய்யவில்லை என்றால் புளூடூத் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. டிவியின் ரிமோட் அமைப்பில் மறுபடி இணைக்க வேண்டும்.

காங்கேயத்து மகள் எழுதியது:

நேற்று மறுபடியும் பராமரிப்பு மின்தடை. யூபிஎஸ் இன்னும் வாங்கவில்லை; லேன் ஒயர் மட்டும் போன வாரம் பரணிலிருந்து சுவரோரமாக இழுத்தாயிற்று. கரண்ட் வந்ததும் அப்பா டிவியைப் போடாமல் சமையலறையில் நின்று அண்டாவுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். “பச்சை நின்னிருச்சு, இப்பப் போடட்டுமா அம்மிணி” என்று எனக்குத் தொலைபேசியில் கேட்டார். போடச் சொன்னேன். முதலில் தேதியைப் படித்துக் காட்டினார், சரியான தேதி. பிறகு தொலைபேசியை வைக்க மறந்து அப்படியே படம் பார்க்க உட்கார்ந்துவிட்டார். சத்தம் எனக்கும் கேட்டது, ஓர் இடத்திலும் நிற்கவில்லை.